மகள் கேட்கும் துறை: களுவாஞ்சிகுடித் தாயார் ஒருவருக்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா. தமிழ், சித்திரம், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களோடு உயர்தரம் எழுதி, முதல் முறையில் இசட் புள்ளி போதாமல் போன உங்கள் மகள், இணையத்தள வடிவமைப்பும் சந்தைப்படுத்தலும்தான் தனக்குப் பிடித்த துறை என்று சொல்வதாகவும், உறவினர்கள் தாதியர் பயிற்சி, வங்கி, ஆசிரியர் வேலை என்று ஆளுக்கொரு திசையைக் காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்விகள் இரண்டு. இந்தத் துறையில் உழைத்து வாழ முடியுமா என்பது ஒன்று. பிள்ளையின் விருப்பம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது மற்றையது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் முதற் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கிறது.

விருப்பம் என்பது முன்கூட்டியே உள்ளுக்குள் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்த பிறகே துறையைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் இப்போது பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் அது அநேகமாக எதிர்த்திசையிலேயே நடக்கிறது. ஒரு வேலையைச் செய்து, அது இன்னொருவருக்குப் பயன்பட்டதைக் கண்ணால் கண்டு, அடுத்த தடவை அதைவிட நன்றாகச் செய்ய முயன்று, கைத்திறன் கூடக் கூடத்தான் பிடிப்பும் கூடுகிறது. ஆகவே உங்கள் மகளிடம் "உண்மையிலேயே உனக்கு இதில் ஆர்வம் இருக்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதால் பயனில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில், அன்றைய மனநிலையைத்தான் காட்டும். அழகான பக்கங்களைப் பார்த்து இரசிப்பதும், அப்படியான ஒரு பக்கத்தைச் செய்யப் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் வெவ்வேறு விடயங்கள். இரண்டாவதைச் செய்யவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னர் அந்த வேலை என்ன என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. பாசிக்குடாவில் பத்து அறைகள் கொண்ட விடுதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிழக்குக் கரையில் சுற்றுலாப் பயணிகள் வருவது பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை. அதன் பிறகு வாடைக்காற்றும் மழையும். பயணிகள் வரும் அந்தச் சில மாதங்களில் அறைகள் நிரம்பாவிட்டால் உரிமையாளருக்கு ஆண்டு முழுவதும் நட்டம். அவருடைய இணையத்தளத்தின் முதற்படம் கமராவிலிருந்து எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டிருப்பதால், கையடக்கத் தொலைபேசியில் திறக்க நீண்ட நேரம் எடுக்கிறது. அறை வாடகை மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. தொலைபேசி இலக்கத்தை அழுத்தினால் அழைப்புப் போகவில்லை. ஒரு பக்கத்தின் பிரதான பகுதி 2.5 செக்கனுக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்தைச் சுருக்கி, வாடகையை முன்னுக்குக் கொண்டுவந்து, இலக்கத்தை வட்ஸ்அப்போடு இணைத்துவிட்டால், அது வடிவமைப்பு. பயணம் திட்டமிடும் ஒருவர் தேடுபொறியில் என்ன சொற்களை இடுவார், எந்த மாதத்தில் தேடத் தொடங்குவார் என்று ஆராய்ந்து, அந்த வேளையில் இந்த விடுதி அவர் கண்ணில் படும்படி செய்வது சந்தைப்படுத்தல். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் சிறிய நிறுவனங்களில் ஒருவரே இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும்.

இத்துறையில் மனநிறைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், செய்ததன் விளைவு விரைவில் தெரிந்துவிடுவதிலிருந்து வருகிறது என்பேன். கடந்த மாதம் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்பது கணக்காகவே வந்துவிடும். மருதமுனையில் கைத்தறிச் சாரம் நெய்யும் ஒருவருக்குக் கொழும்பிலிருந்து நேரடியாக ஓடர் வரத் தொடங்கினால், அதில் தன் பங்கு என்ன என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். பல அலுவலக வேலைகளில் ஓய்வுபெறும் வரையும் கிடைக்காத அறிவு அது.

களைப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முடிந்துவிட்டது என்று நினைத்த வேலையை வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் எடுப்பாக" என்று ஆறாவது முறையும் திருப்பி அனுப்புவார். பேஸ்புக்கில் நாள்தோறும் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நெருக்கடி, எழுத ஒன்றும் இல்லாத நாளிலும் இருக்கும். வேலை முடிந்த பின்னர் காசு தருவதற்கு இழுத்தடிப்போர் உண்டு. வேலை தொடங்கும்போதே பாதியை முற்பணமாக வாங்கப் பழகாத பிள்ளைகள்தான் இதில் அதிகம் மனம் உடைகிறார்கள். இவற்றைவிட ஆழமானது இன்னொன்று. வருடம் முழுவதும் "இன்று மட்டும் பாதி விலை" என்று பொய் விளம்பரம் எழுத வேண்டி வந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் வேலை கசந்துவிடும். சந்தைப்படுத்தலில் ஒருவருக்குக் கிடைக்கும் நிறைவு, அவர் எதை விற்க உதவுகிறார் என்பதோடு கட்டுண்டது. ஆகவே யாருக்கு வேலை செய்வதில்லை என்று தீர்மானிக்கும் துணிவும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, சில நிமிடங்களில் ஒரு தளத்தை அதுவே செய்துவிடுகிறதே என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆயத்த வார்ப்புருக்கள் நெடுங்காலமாகவே இருக்கின்றன, நிரல் எழுதாமலே தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003இலேயே வந்துவிட்டது. இப்போது அந்த வேகம் பல மடங்காகியிருக்கிறது. வார்ப்புருவில் பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுப்பதை மட்டுமே கற்றுக்கொண்டவருக்கு இனி இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். விடுதி உரிமையாளரோடு உட்கார்ந்து அவருடைய வியாபாரம் எங்கே சிக்கியிருக்கிறது என்று கேட்டறிகிறவருக்கும், எந்தச் சொல், எந்தப் படம், எந்த ஒழுங்கு என்று முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்கிறவருக்கும் வேலை இருக்கிறது. அவர்களுடைய கையில் புதிய கருவிகளும் உதவியாகவே அமையும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் தமிழ். நம் நாட்டில் மும்மொழியிலும் தளம் வைத்திருக்க வேண்டிய அரச, அரசசார்பற்ற நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுண்ட சொற்களும், வரிகள் நெருங்கி மேல்வரி எழுத்தும் கீழ்வரி எழுத்தும் மோதிக்கொள்ளும் பத்திகளும் தென்படும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பழகிய அலுவலகங்கள் இன்னமும் இருக்கின்றன. பாமினியில் திரையில் "அம்மா" என்று தெரிவது, கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு கோவை மட்டுமே. தேடுபொறிக்கு அது தமிழாகத் தெரியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது, ".இலங்கை" என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரியும் 2010 முதல் இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்றி, தமிழ் எழுத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏற்பப் பக்கத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்த, சித்திரமும் தமிழும் ஒருங்கே படித்த ஒருவர், வேறெங்கும் எளிதில் கிடைக்கமாட்டார். உங்கள் மகளின் பாடத்தெரிவை உறவினர்கள் பொருத்தமற்றது என்று சொல்லியிருக்கலாம்; இந்தத் துறைக்கு அதைவிடப் பொருத்தமான சேர்க்கை எனக்குத் தோன்றவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்துகொண்டே யாழின் சுருதிகளை ஆராய்ந்த மண் இது.

ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கற்கும் பாடங்களும், பிழை ஏற்பட்டால் தீர்வு தேடும் இடங்களும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடத்தும் பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். கணினி வகுப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள்.

இப்போது செய்துபார்க்கும் விடயத்துக்கு வருகிறேன். எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்னர், உங்கள் தெருவிலேயே உள்ள ஒரு தையற்கடைக்கோ, தயிர் விற்கும் குடும்பத்துக்கோ, கிராமத்துச் சனசமூக நிலையத்துக்கோ ஒரேயொரு பக்கம் கொண்ட இணையத்தளத்தை மகள் அமைக்கட்டும். முதலில் கடைக்காரரோடு பேசி, வருகிறவர்கள் வழக்கமாக என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் தாளில் பென்சிலால் வரைந்து, அதன் பிறகே கணினியில், பக்கத்தின் உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்தும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஆகிய மொழிகளைக் கொண்டு கட்ட வேண்டும். இவற்றின் அடிப்படைகளைக் கற்க மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டணமின்றி நடத்தும் இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாகத் தளம் இருக்க வேண்டும் என்ற சர்வதேச அணுகுதன்மை வழிகாட்டல்; நடுப்பகலில் கல்லடிப் பாலத்தில் நின்று மலிவான தொலைபேசியில் அந்தப் பக்கத்தை வாசித்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கிவிடும். பக்கம் ஆயத்தமானதும் ஐந்து பேரிடம் கொடுத்து, "இந்தக் கடையின் திறக்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாய் திறவாமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இணையத்தளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது இன்றும் இத்துறையில் பின்பற்றப்படுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஐந்து பேர் தடுமாறிய பின்னர் நடப்பதை. "அவர்களுக்கு விளங்கவில்லை" என்று சலித்துக்கொண்டு பிள்ளை எழுந்துவிடுகிறாளா, அல்லது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வராமல் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறாளா? பாராட்டு வந்து அடங்கிய பின்னரும், யாரும் சொல்லாமலே அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒரு வரியைச் சரிசெய்கிறாளா? திரும்பிப் போகிறவளாக இருந்தால் அவளுடைய விருப்பத்தை நம்பலாம். ஒருவேளை கணினியில் கட்டுவதில் சலித்து, கடைக்காரரோடு பேசுவதிலும் எழுதுவதிலும் மட்டும் உற்சாகம் காட்டினால், அதுவும் தோல்வியில்லை. சந்தைப்படுத்தலின் பக்கம் அவளுக்கு ஏற்றது என்று தெரிந்துகொள்கிறோம்.

இதற்கிடையில் இரண்டாம் முறை உயர்தரம் எழுதுவதைக் கைவிட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறை வரை தோற்றலாம். உங்களுக்கு எட்டிய தூரத்திலேயே, கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலைகளுக்கான பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு என்பதால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை இப்போதே வாசித்துவைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை வீட்டிலிருந்தபடியே ஆங்கில மொழிமூலம் தொடரலாம். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகங்களின் டிப்ளோமாக்களையும், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை முறையில் நான்காம் மட்டச் சான்றிதழிலிருந்து ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாவுக்கு ஏறும் வழியையும் விசாரித்துப் பாருங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று பதாகை தொங்கவிட்டு இலட்சக்கணக்கில் கேட்கும் தனியார் நிறுவனங்களிடம், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்தக் குறிப்பிட்ட பாடநெறி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்; முன்னர் படித்தவர்கள் செய்த தளங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், உள்ளூர் வாடிக்கையாளர்கள் தரும் தொகை தொடக்கத்தில் சிறியதாகவே இருக்கும், பலர் பேஸ்புக் பக்கமே போதும் என்று நின்றுவிடுவார்கள். நிலையான சம்பளம் தரும் இடங்கள் பெரும்பாலும் கொழும்பில் உள்ளன, அல்லது இணையவழியில் தொலைவிலிருந்து செய்பவை. பெண் பிள்ளை வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்பதுதான் உங்களுக்குப் பிடித்த அம்சம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் சிறு தயக்கம் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளாவது ஒரு குழுவுக்குள், தன்னைவிடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பிழை சொல்லும் இடத்தில் வேலை செய்யாதவர்கள் ஒரே அளவில் தேங்கிவிடுகிறார்கள். அப்படியும் வீட்டிலிருந்துதான் என்றால், அவளுடைய வேலை நேரத்தை வீட்டார் வேலை நேரமாகவே மதிக்க வேண்டும். "சும்மாதானே கணினியில் இருக்கிறாய்" என்று அடுப்படிக்கும் கடைக்கும் அனுப்பும் வீட்டில் எந்தத் தொழிலும் வளராது.

வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தொடங்கினால் முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்கு வழங்கும் சேவைகளுக்குக் கிடைக்கும் வருமானமும் வருமான வரிக்கு உட்பட்டது, அதன் உச்ச வீதம் 15 சதவீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையில் தனிநபர் வரி நிவாரணம் இருப்பதால் தொடக்கக் காலத்தில் அது பாரமாக இருக்காது.

அந்த ஒற்றைப் பக்கத்தை மகள் முடித்ததும், ஐந்து பேரிடம் காட்டுவதற்கு முன்னிருந்த வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வடிவமைப்பா சந்தைப்படுத்தலா, பட்டமா டிப்ளோமாவா என்பதை அவளையும் வைத்துக்கொண்டு பேசலாம்.