லேபிள் கிழித்த புட்டி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எச்ஐவி உறுதியாகி மூன்று மாதம் ஆகிறது. நான் தன்பாலீர்ப்பாளன். மாத்திரைப் புட்டியின் லேபிளைக் கிழித்துத் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அறையில் நண்பர்கள் இருந்தால் அன்றைக்கு மாத்திரை இல்லை. இனி நான் சுத்தமானவன் இல்லை என்ற எண்ணம் போகவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா? தன்னம்பிக்கையை எப்படி மீட்பது?

கே.

அன்புள்ள கே,

'அன்றைக்கு மாத்திரை இல்லை.' எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அவமானம் முதலில் கைவைப்பது மாத்திரையில்தான் என்று சில நாட்களாகவே எழுத நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொல்வது உங்கள் விருப்பம், அவசரமில்லை.

மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டால் ரத்தத்தில் மருந்து குறையும், வைரஸ் பெருகும். பெருகும்போது பிழைபட்ட பிரதிகள் உண்டாகும். லாமிவுடின் என்ற எச்ஐவி மருந்தை எதிர்க்க வைரஸுக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். டோலுடெக்ராவிர் என்ற இன்னொரு மருந்து எளிதில் தோற்காதுதான். அதற்காக அதைச் சோதித்துப் பார்ப்பீர்களா?

ஒளித்து வையுங்கள், குற்றமில்லை. ஆனால் கை எட்டும் இடத்தில் வையுங்கள். உங்களுடையது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை என்றால், சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். பல் துலக்கும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள், அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் போட்டால் தூக்கமும் கெடாது. மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். நெஞ்செரிச்சல் மருந்து குடிப்பதானால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ இந்த மாத்திரை. இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. லேபிள் போனால் போகட்டும். புட்டியை மாற்ற வேண்டாம், ஈரம் உறிஞ்சும் அந்தச் சிறு பொட்டலம் உள்ளேயே இருக்கட்டும்.

'சுத்தம்' என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதீர்கள். பாத்திரமா நீங்கள்? 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பார்ட்னர் 2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 782 ஆண் இணைகள் இருந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு. வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிரதிகளுக்குக் கீழே இருந்த துணையிடமிருந்து தொற்று வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. 200-க்குக் கீழான அந்த அளவு உங்களுக்கும் வரும், தினமும் போட்டால். வந்து நிலைக்கும்வரை ஆணுறை, அல்லது துணைக்கு, தொற்று வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை. உறவில் பரவும் சிபிலிஸ் நோயைத் தடுக்க ஆணுறை பிறகும் நல்லது.

வைரஸ் அளவுப் பரிசோதனை எப்போது என்று நீங்களே கேளுங்கள். அன்றைக்கு, இதுவரை விட்ட நாட்களையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள்.