நாய்க்குச் சட்டம் இருக்கிறது

கேள்வி: என் மகன் கொழும்பிலிருந்து ரொட்வைலர் குட்டி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறான். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படி ஆபத்தான நாய்களைக் குடும்பத்தோடு வளர்க்கலாமா? சட்டத்தில் இடம் உண்டா?
– தோட்டத்து வாசகர், அட்டன்

பதில்: சட்டத்தில் இடம் இருக்கட்டும், உங்கள் ஒற்றையறைக் காம்பராவில் இருக்கிறதா? வளர்ந்த ஆண் ரொட்வைலர் 50 கிலோ வரும். அது காலை நீட்டிப் படுத்தால் நீங்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில்தான் நிற்க வேண்டும். பொது வாசல், பொதுத் தண்ணீர்ப் பீலி, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வேறு. வேறு வழியில்லாமல் சங்கிலி போடுவீர்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்கு என்ன குணம் வரும்?

ஜெர்மனியில் மாடு ஓட்டியும் இறைச்சிக் கடைக்காரரின் வண்டி இழுத்தும் பிழைத்த நாய் அது. சும்மா இருக்கத் தெரியாது. தோட்டத்தில் வேலை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பறித்த கொழுந்தில் கிலோ குறைகிறது என்று கணக்கப்பிள்ளை அதற்கும் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) போடுவார். அவரிடம் ரொட்வைலர் பல்லும் செல்லாது.

டோபர்மன் நாயை உருவாக்கியவர் அப்போல்டா என்ற ஊரில் வரி வசூலித்தவராம். காசு கேட்டுப் போகிறவருக்குத் துணை வேண்டும்தானே! நமது தொழிற்சங்கத் தலைவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சந்தாவைச் சம்பளத்திலேயே வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் அவர்களைத் துணைக்கு ஆளில்லாமல் லயத்துப் பக்கம் பார்த்தவர் உண்டா?

சரி, சட்டம். பிரிட்டன் 1991இல் பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்து, 2023இல் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் வகையையும் சேர்த்தது. 2024இல் இந்திய மத்திய அரசு ரொட்வைலர் உட்பட 23 வகைகளுக்குத் தடை கேட்டுச் சுற்றறிக்கை அனுப்ப, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. எதைத் தடுத்தாலும் கடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கும் வளர்ப்புக்காரரைத் தடுக்காவிட்டால் என்ன பயன் என்பது என் கட்சி.

இலங்கையில் நாய்களைப் பதிவு செய்ய 1901இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இந்திய வம்சாவளியினரான நம் பாட்டன் பாட்டிமாரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இதற்கிடையில் எத்தனை தேர்தல், எத்தனை மாலை, எத்தனை பொன்னாடை!

குட்டிக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள், லயத்து நாட்டு நாய்களுக்கும் சேர்த்து. அப்புறம் முற்றமுள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தோட்ட முகாமையாளரான பெரிய துரையின் பங்களாவில் கேட்டுப் பார்க்கலாம். அந்த முற்றத்தில் நாலு லயம் கட்டலாம்.