திடீரென்று இழுவை இழக்கும் கார்: பொறுப்பு விற்றவருக்கா, கராஜுக்கா?

கேள்வி: கொக்குவிலில் வசிக்கிறேன். யாழ் நகரிலுள்ள வாகன விற்பனை நிலையமொன்றில் ஜப்பானியத் தயாரிப்பான இரு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி இரண்டு மாதம் கடந்துவிட்டது. 'எஞ்சினில் ஒரு குறையும் இல்லை' என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். ஒப்பந்தத்திலோ 'உள்ள நிலையிலேயே விற்கப்படுகிறது' என்று இருக்கிறது. மூன்றாவது வாரம் ஏ9 வீதியில், ஆனையிறவுக்கு அருகே லொறியொன்றை முந்தும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தது; மிதியை எவ்வளவு அழுத்தியும் கார் ஊர்ந்துதான் சென்றது. நிறுத்தி மீண்டும் இயக்கியதும் சரியாகிவிட்டது. கராஜில் த்ரொட்டில் பொடியை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்றி 185,000 ரூபா வாங்கினார்கள். சில நாட்களில் அதே கோளாறு. இப்போது மிதியை மாற்ற வேண்டுமாம். பரிசோதனைக் கூலி 18,000 ரூபாவைக் கட்டும்வரை காரைத் தர மறுக்கிறார்கள். இருவர் மீதும் வழக்குத் தொடரலாமா? வவுனியாவிலுள்ள நண்பர் ஒருவர் காரைக் கேட்கிறார்; அவருக்கு விற்றுவிடலாமா? காரின் கணினியிலுள்ள பிழைக்குறிகளை வாசிக்கும் ஸ்கானரின் திரையைப் பிடித்த படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: தொடரலாம். ஆனால் இருவரையும் ஒரே கடிதத்தில் வைத்துத் திட்டி எழுதிவிடாதீர்கள். விற்றவரோடு நீங்கள் செய்தது ஓர் ஒப்பந்தம், கராஜோடு செய்தது வேறொன்று. இன்னொரு சங்கதியும் இருக்கிறது: விற்றவருக்கு எதிரான மிக நல்ல சாட்சி இப்போது அந்தக் கராஜ்காரரின் கையில்தான் இருக்கக்கூடும்.

முதலில் கோளாற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய கார்களில் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பி இழுவை இல்லை. மிதியிலுள்ள இரண்டு சென்சர்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கணினிக்குச் சொல்கின்றன; கணினி ஒரு சிறு மோட்டாரால் த்ரொட்டில் தகட்டைத் திறக்கிறது; தகடு எங்கே நிற்கிறது என்று வேறு இரண்டு சென்சர்கள் திருப்பிச் சொல்கின்றன. ஒரு சோடிக்குள் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் கணினி எவரையும் நம்பாமல் திறனைக் குறைத்துவிடும். லிம்ப் மோட் என்பது இதுதான். ஆகவே அது பழுதல்ல, பழுதுக்கான பாதுகாப்பு. பழுது சென்சரில் இருக்கலாம், பாசி பிடித்த இணைப்பியில் இருக்கலாம், உரசித் தேய்ந்த வயரில் இருக்கலாம், சரியாக இறுக்காத பூமி இணைப்பிலும் இருக்கலாம்.

இனி நீங்கள் அனுப்பிய படம். அதில் தெரியும் பிழைக்குறி பி2138. வழமையாக இது மிதியின் இரு சென்சர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைக் குறிக்கும். த்ரொட்டில் பொடியின் சென்சர்களுக்குரிய குறி பெரும்பாலும் பி2135. இலக்கத்தில் சிறு வேறுபாடு, பணத்தில் 185,000 ரூபா! உங்கள் காரின் தயாரிப்பாளர் கையேட்டை வைத்து இதை ஒரு தகுதியான மெக்கானிக் உறுதிசெய்ய வேண்டும். சட்டத்தரணி சொன்னால் நீதிமன்றம் ஏற்காது. மிதியை மாற்றினால் தீர்ந்துவிடும் என்றும் இந்தக் குறி சொல்லவில்லை. மின்சுற்றில் எங்கோ கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. எஞ்சினை இயக்காமல் சாவியைத் திருப்பி வைத்து, மிதியை மெல்ல அழுத்தியபடி ஸ்கானரில் இரண்டு அளவுகளையும் பார்க்க வேண்டும். இரண்டும் தங்கள் விகிதப்படி சீராக மாற வேண்டும். அந்த நேரம் வயர்க்கட்டை அசைக்கையில் ஒன்று மட்டும் துள்ளி விழுந்தால், குற்றவாளி வயர் அல்லது இணைப்பி. இந்தச் சோதனைக்கு உதிரிப்பாகம் எதுவும் தேவையில்லை.

கராஜின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் உரிய திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்வார் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. குறி மிதியைக் காட்ட, சோதிக்காமல் வேறு பாகத்தை மாற்றியது கவனமான வேலை அல்ல என்று வாதாடலாம். இப்போது 'மிதிதான்' என்று அவர்களே சொல்வதும் உங்களுக்குச் சாதகம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய த்ரொட்டில் பொடியையும் கேளுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டால் அது பழுதற்றது என்று காட்ட முடியாது.

காரைத் தடுத்து வைத்திருப்பது? வேலை செய்தவர் கூலிக்காகப் பொருளைத் தன்வசம் வைத்திருக்கும் உரிமையை எமது உரோமன்-டச்சுச் சட்டம் அங்கீகரிக்கிறது. வெறும் பரிசோதனைக் கூலிக்கும் அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. 18,000 ரூபாவுக்காக அந்த வாதத்தை நடத்துவதைவிட, 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டிக் காரை எடுப்பது மலிவு. இரவோடு இரவாக மாற்றுச் சாவியோடு போகும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

பணம் கட்டும் அன்றே முதல் ஸ்கான் அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். பல ஸ்கானர்கள் அதைச் சேமித்து வைக்கும். பிழைக்குறிகள் கடைசியாக அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரத்தையும் பல கார்களின் கணினி பதிந்து வைத்திருக்கும். உங்கள் கைக்கு வந்தபின் கார் ஓடிய தூரத்தோடு அதை ஒப்பிடுங்கள். நீங்கள் வாங்குவதற்குச் சற்று முன்புதான் குறிகள் அழிக்கப்பட்டன என்று தெரிந்தால், 'ஒரு குறையும் இல்லை' என்ற வாட்ஸ்அப் வாசகத்துக்கு வேறு நிறம் வந்துவிடும். பற்றரியைக் கழற்றினாலும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கக்கூடும் என்பதால் இது மட்டும் போதாது. கராஜ்காரர் அறிக்கையோடு ஒரு சத்தியக் கடதாசியும் தந்தால், 185,000 ரூபாவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்யும்படியே நான் சொல்வேன்.

விற்றவர் 'உள்ள நிலையிலேயே' என்ற வாசகத்தைக் கேடயமாக நீட்டுவார். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருளின் தரம் பற்றிய மறைமுக நிபந்தனைகளை ஏற்கிறது. உடன்பாட்டால் அவற்றை விலக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டே பொய் சொன்னவரை அந்த வாசகம் காப்பாற்றாது. வியாபாரி தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் தடைசெய்கிறது. வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியாக்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் உதவும். செய்தியைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். 'ஓடிப் பார்த்துத்தானே வாங்கினார்' என்றும் சொல்வார்கள். கே.கே.எஸ். வீதி நெரிசலில் ஓடிப் பார்த்தால், விட்டுவிட்டு வரும் இந்தக் கோளாறு வெளிப்பட்டிருக்காது என்பதே பதில்.

முழுப் பணத்தையும் திருப்பிப் பெறுவது கடினம். காரை ஏற்று இவ்வளவு நாள் ஓட்டியபின் பொதுவாகக் கிடைப்பது நட்டஈடு, அதாவது திருத்தச் செலவும் பெறுமதிக் குறைவும். மோசடியை நிரூபித்தால் நிலைமை மாறும்.

எனக்குக் கவலை தருவது நாட்காட்டிதான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூல முறைப்பாடு, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். விற்பனையைப் பொறுத்தவரை உங்களுக்குச் சில வாரங்களே மீதி. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலுள்ள அதன் அலுவலகத்தில் நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெறுங்கள். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசுவது மட்டும் போதாது. எழுத்து ஒப்பந்தத்தின் மீது மாவட்ட நீதிமன்றம் செல்ல ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. கராஜோடு உள்ள பிணக்கு, தொகையைப் பொறுத்து, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரலாம்.

வவுனியா நண்பருக்கு விற்பதற்குத் தடை இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை தருவது காணிக்குத்தான், காருக்கு அல்ல! ஆனால் கோளாற்றை எழுத்தில் சொல்லிக் கையொப்பம் வாங்காமல் விற்றால், நாளை இதே கேள்வியை அவர் உங்களுக்கு எதிராக ஒரு சட்டத்தரணியிடம் கேட்பார். அதோடு, கார் கைமாறிவிட்டால் சுயாதீனப் பரிசோதனைக்குக் கொண்டுவர முடியாது. எனவே முதலில் அறிக்கை, பிறகு முறைப்பாடு, அதன்பின் விற்பனை. அதுவரை ஏ9 வீதியில் இந்தக் காரை ஓட்ட வேண்டாம்.