போனஸ் குறைந்தும் கோபம் குறைந்தது ஏன்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் சென்ற ஆண்டு தீபாவளி போனஸைக் குறைத்து, அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியதோடு சரி, பெருங்கொந்தளிப்பு எழுந்தது. இவ்வாண்டு மேலும் குறைத்தார்கள். ஆனால் முன்னதாக எல்லோரையும் உட்காரவைத்து, வரவு செலவைக் காட்டி, எங்கள் கருத்தையும் கேட்டார்கள். யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. கைக்கு வந்த பணம் குறைவுதானே? இது ஏமாற்று வேலை அல்லவா?
— வாசகர், ஓசூர்

பதில்: ஏமாற்று வேலையாக இருக்கலாம், அதற்காக உங்கள் சக தொழிலாளர்களை ஏமாளிகள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தமக்கு எவ்வளவு கிடைத்தது என்பதோடு, அது எவ்விதம் தீர்மானிக்கப்பட்டது என்பதையும் மனிதர்கள் தனியே எடைபோடுகிறார்கள் என்பதை உளவியலாளர் ஜான் திபோவும் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் வாக்கரும் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினர். தன் தரப்பை முழுமையாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர், வழக்கில் தோற்றாலும் விசாரணை முறையாக நடந்ததென்று ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் அனுபவத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்றை ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்டார். ஒப்பந்தங்களை இழந்த ஓர் அமெரிக்க நிறுவனம், தன் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 விழுக்காட்டைப் பிடித்தது. ஓரிடத்தில் நிறுவனத் தலைவரே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காரணங்களை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கும் பதில் சொன்னார். மற்றோரிடத்தில் கால் மணி நேரத்தில் செய்தியை அறிவித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அந்த வாரங்களில் இரு இடங்களிலும் பொருள்கள் களவுபோவது கூடியது என்றாலும், விளக்கம் கிடைக்காத இடத்தில் அது மிகவும் கூடியது. விளக்கம் கிடைத்த இடத்திலும் களவு கூடியதை நிர்வாகிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஐயத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது ஆலன் லிண்டும் அவருடைய சகாக்களும் அதே ஆண்டில் வெளியிட்ட சோதனை. முடிவு அறிவிக்கப்பட்ட பின்னர், அதாவது எதையும் மாற்ற வழியில்லாத நிலையில், கருத்துக் கேட்கப்பட்டவர்கள்கூட, கேட்கப்படாதவர்களைவிடத் தாங்கள் நியாயமாக நடத்தப்பட்டதாகக் கருதினர். முன்கூட்டியே கேட்கப்பட்டவர்களோ அவர்களைவிடவும் நியாயமாக நடத்தப்பட்டதாகக் கருதினர். தன்னையும் ஒரு பொருட்டாக மதித்தார்கள் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. தந்திரம் நுழைவதும் இந்த வழியாகத்தான். ஆனால் அது நெடுநாள் செல்லாது. ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு ஒன்றையும் ஏற்காத நிர்வாகத்தின் மீது, கேட்காத நிர்வாகத்தின் மீது எழுவதைவிட அதிகமான கசப்பு எழக்கூடும் என்பதை ராபர்ட் ஃபோல்ஜர் போன்றோர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

ஆகவே, அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர்கள் சொன்னவற்றுள் எவை ஏற்கப்பட்டன, ஏற்காதவற்றுக்கு என்ன காரணம் எழுதப்பட்டுள்ளது, அதே குறைப்பு மேலாளர்களின் போனஸுக்கும் பொருந்தியதா என்று பாருங்கள்.