பொறியில் விழும் வயல் எலியைப் பாம்புக்குப் போடலாமா?

கேள்வி: கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு) ஒன்று வளர்க்கிறேன், எடை 200 கிராம் இருக்கும். வயலில் வைக்கும் பொறியில் எலி நிறைய விழுகிறது. அதையே உயிரோடு போட்டால் என்ன? இல்லையென்றால் கோழிக்கறித் துண்டு போதுமா?

பதில்: வயல் எலி வேண்டவே வேண்டாம். நீங்கள் எலி மருந்து வைக்காவிட்டாலும் பக்கத்து வயலில் வைத்திருப்பார்கள், எலி வரப்பு பார்த்து மேய்வதில்லை. புரோமடியோலோன் மாதிரி மருந்தைத் தின்ற எலி அன்றே சாகாது, ரத்தம் உறையாமல் போய்ச் சாவதற்குச் சில நாள் ஆகும், அதுவரை நன்றாகத்தான் ஓடித் திரியும், உங்கள் பொறியிலும் வந்து விழும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. மருந்து தங்குவது ஈரலில், பாம்போ எலியை முழுசாக விழுங்குகிற பிராணி. குடற்புழு, உண்ணி வேறு சேர்ந்து வரும்.

கறித்துண்டும் சரிவராது. வெறும் தசையில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் பாம்பின் எலும்பு பலமிழந்துவிடும். முழு எலியில் எலும்பிலிருந்து சுண்ணாம்பும், ஈரலிலிருந்து வைட்டமின் ஏ-யும் தானாகக் கிடைக்கின்றன.

அப்புறம் உயிரோடு போடுவது. பசியில்லாத பாம்போடு எலியை இரவு முழுக்க விட்டுவைத்த ஒருவர் மறுநாள் பாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், முதுகில் உள்ளங்கை நீளத்துக்குச் செதிலே இல்லை, சதை கொறிபட்டு ஈரமாகச் சிவந்திருந்தது. அந்தப் பாம்பு ஓடவுமில்லை, திருப்பிக் கடிக்கவுமில்லை, சுருண்டே கிடந்திருக்கிறது. அதிலிருந்து யார் கேட்டாலும் உயிர் எலி வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தீவனத்துக்கென்றே வளர்த்து, வலியில்லாமல் கொன்று, உறையவைத்த வெள்ளைச் சுண்டெலியை வாங்குங்கள். உங்கள் பாம்புக்கு 20 கிராம் எலி ஒன்று, பத்து நாளைக்கு ஒரு தடவை கொடுத்தால் தாராளம். தராசு இல்லையா, பாம்பின் உடம்பு எங்கே அதிகப் பருமனோ அந்த அளவுக்கு எலி இருந்தால் சரி. முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைந்தது இளக விடுங்கள். மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி வெந்நீரில் வையுங்கள், கொதிநீர் கூடாது. மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் வெந்தும் மறுபக்கம் உறைந்துமாக இருக்கும், வயிறே வெடித்தாலும் வெடிக்கும். வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது. தலை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால் பாம்பு சீக்கிரம் கவ்வும். நீளமான இடுக்கியில் பிடித்து நீட்டுங்கள், கையால் வேண்டாம். தின்னாமல் விட்டதை மறுபடி உறையவைக்காமல் எறிந்துவிடுங்கள். உறைந்த எலியிலும் சால்மோனெல்லா கிருமி சாகாமல் இருக்கும், அதனால் சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கண் பால் படர்ந்த மாதிரி வெளுத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம், அப்போது தின்னாவிட்டால் பயப்பட வேண்டாம். தின்ற பிறகு இரண்டு நாள் தூக்காதீர்கள், மீறித் தூக்கினால் கக்கிவிடக்கூடும். கக்கிவிட்டால் பாவம் பசிக்குமே என்று உடனே இன்னொன்று போடாதீர்கள். தண்ணீர் மட்டும் வைத்துப் பத்துப் பதினைந்து நாள் விடுங்கள், கூண்டில் சூடு போதுமா என்று பாருங்கள், பிறகு பாதி அளவு எலியாகக் கொடுங்கள். மறுபடியும் கக்கினால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கக்கியதையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள்.