மோன்பாசியே போன்ற பிரெஞ்சு ஊர்கள் ஏன் கட்டம் போட்டதுபோல் அமைந்துள்ளன?
மோன்பாசியே ஒரு பாஸ்டீட். அதாவது, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தென்மேற்குப் பிரான்சின் நாட்டுப்புறத்தில் திட்டமிட்டு நிறுவப்பட்ட சந்தை ஊர்களுள் ஒன்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, அப்போது தம் வசமிருந்த தென்மேற்குப் பிரான்சுப் பகுதியான அக்கித்தேனின் கோமகன் என்ற முறையில் 1284இல் இதை நிறுவினார். இன்றைய மனைப்பிரிவைப் போலவே, முதலில் நேரான தெருக்களை அளந்து மனைகளைப் பிரித்து, அதன்பின் குடிகளை வரவழைத்தார்கள். சிதறிக் கிடந்த உழவர்களை ஓரிடத்தில் குடியேற்றினால் மனை வாடகையும் சந்தை வரியும் தவறாமல் வரும் என்பதே ஆட்சியாளர்களின் கணக்கு. வந்தவர்களுக்கோ சாசனத்தில் எழுதப்பட்ட உரிமைகள் கிடைத்தன. நடுச் சதுக்கத்தின் மரக்கூரைச் சந்தைக் கூடத்தில் பழைய தானிய அளவைகள் இன்றும் இருக்கின்றன. வீடுகளுக்கிடையே விடப்பட்ட ஒடுங்கிய இடைவெளி, தீ பரவாமல் தடுத்ததோடு கழிவுநீரையும் வெளியேற்றியது. உண்மையிலேயே வியக்கத்தக்க நுட்பம் இது. மதிலைப் பார்த்துப் பலர் பாஸ்டீடுகளைக் கோட்டைகள் என்று கருதுகிறார்கள். ஆனால் அவற்றுள் பல மதிலின்றியே தொடங்கின, போர் நெருங்கிய பிறகே மதில்கள் எழுந்தன.