தொட்டியும் உறையக் கூடாது, பேட்டரியும் தீரக் கூடாது: குளிர்கால கேம்பர் கேள்வி பதில்

கனடாவின் மலைப் பூங்காக்களான பான்ஃப், ஜாஸ்பர் பக்கம் டிசம்பர், ஜனவரியில் கேம்பர் ட்ரெய்லர் (படுக்கை, சமையலறையோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு) கொண்டுபோகிறவர்களின் கேள்விகள் இவை. கணக்கெல்லாம் 12 வோல்ட் பேட்டரிக்கும், இரவில் மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிருக்கும்.

கேள்வி: நல்ல தண்ணீர், கழுவுநீர், கழிவு என்று மூன்று தொட்டிக்கும் அடியில் 12 வோல்ட் ஹீட்டர் பேட் (சூடாக்கும் பட்டை) ஒட்டியிருக்கிறேன். 100 ஏஎச் (ஆம்ப்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்று. கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டு இரவு தாங்குமா அண்ணா?

ஒரு இரவே தாங்காது. பேட் ஒன்று ஏறக்குறைய 6 ஆம்ப் இழுக்கும், மூன்றுக்கு 18. தெர்மோஸ்டாட் இருப்பதால் பாதி நேரம்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 9 ஏஎச். 12 மணி நேரத்தில் 108 போய்விடும். விளக்கும், அறையைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் விசிறியும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

பேட்டரியை எரித்துச் சூடு உண்டாக்குவது கட்டுப்படியாகாத வேலை. உங்கள் பேட்டரி முழுதாக இருக்கும்போது அதில் உள்ளது 1.28 கிலோவாட்-மணி. ஃபர்னஸ் எரிக்கும் கேஸான புரொப்பேன் ஒரு கிலோவில் 13.8 இருக்கிறது. ஃபர்னஸ் அதில் கால் பங்கைப் புகைபோக்கி வழியே வீணாக்கினாலும் கைக்கு வருவது 10, அதாவது எட்டு பேட்டரி. ஆகவே சூட்டை கேஸிலிருந்து எடுங்கள், பேட்டரி விசிறியைச் சுற்றினால் போதும். 30,000 பிடியூ (வெப்ப அளவு) ஃபர்னஸின் விசிறி 7, 8 ஆம்ப் இழுக்கும். இரவு முழுக்க விட்டு விட்டு ஓடினாலும் 35 முதல் 55 ஏஎச்சுக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று, பலரும் பயப்படுகிற அளவுக்குத் தொட்டி சீக்கிரம் உறையாது. 100 லிட்டர் தண்ணீர் முழுவதும் கட்டியாக வேண்டுமென்றால் 9 கிலோவாட்-மணிக்கு மேல் சூடு வெளியேற வேண்டும். ஒரே இரவில் அது நடப்பது அபூர்வம். முதலில் மாட்டிக்கொள்வது மெல்லிய இடங்கள்தான்: கழிவுத் தொட்டியின் வால்வு, வண்டிக்கு அடியில் தொங்கும் வடிகுழாய், வெளிப்பக்க ஷவர், சுவரோரம் போகும் பம்ப் பைப். நல்ல தண்ணீர்த் தொட்டியின் பேடை அணைத்துவிடுங்கள். கழிவு வால்வு பக்கத்துப் பேடை மட்டும் விடியலுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் போட்டால் 12 ஏஎச்சுக்கு மேல் செலவாகாது.

கேள்வி: மின் இணைப்புள்ள முகாமில் கேஸை மிச்சப்படுத்த 1500 வாட் ஹீட்டர் வைத்தோம். உள்ளே 20 டிகிரி, கதகதப்பாக இருந்தது. காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. எப்படி?

அந்தக் கதகதப்புதான் காரணம். வண்டித் தரைக்குக் கீழே, அடிப்பலகைக்குள் இருக்கும் தொட்டிகளுக்குச் சூடான காற்றைக் கொண்டுபோவது ஃபர்னஸின் 2 அங்குலக் குழாய். அறை சூடாக இருக்கும்போது தெர்மோஸ்டாட் ஃபர்னஸைக் கூப்பிடவே கூப்பிடாது. மேலே நீங்கள் வியர்க்க, கீழே தொட்டி விறைக்கும். மின் ஹீட்டரைக் குறைத்து வைத்து, ஃபர்னஸ் மணிக்கு இரண்டு மூன்று தடவையாவது ஓடும்படி பாருங்கள். வயர்லெஸ் தெர்மாமீட்டரின் சென்சாரை வால்வு அருகே அடிப்பலகைக்குள் செருகி, 3 டிகிரிக்கு அலாரம் வையுங்கள். ஊகத்தில் படுப்பதைவிட அது மேல்.

கேள்வி: விடிகாலையில் ஃபர்னஸ் விசிறி ஓடுகிறது, ஆனால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. பேட்டரியும் காலி.

முதலில் கேஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வோல்டேஜ் விழுந்திருக்கும். காற்றின் வேகத்தில் அசைகிற ஒரு சின்னத் தகடு சுவிட்ச் உள்ளே இருக்கிறது. 11 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் விசிறி மெதுவாகி, அந்தத் தகடு நகராது, தீ பற்றாது. விசிறி மட்டும் சுற்றி மிச்சமிருக்கிற பேட்டரியையும் குடித்துவிடும். படுக்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்: லெட்-ஆசிட் பேட்டரி 12.4க்குக் கீழே இருந்தால் இரவைத் தாண்டாது. குளிரில் அதன் கொள்ளளவும் சுருங்கும். மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும்.

கேள்வி: நல்ல தண்ணீர்த் தொட்டியை கேஸிலேயே சூடாக்க வழியுண்டா?

உண்டு, அருமையான வழி. சமையலறைச் சுடுநீர் பைப்பின் கடைசியில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, அரை அங்குல பெக்ஸ் பிளாஸ்டிக் பைப்பும் திறந்து மூட ஒரு பால் வால்வும் வைத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பும் குழாயோடு இணையுங்கள். வால்வைத் திறந்து பம்பைப் போட்டால் கேஸ் வாட்டர் ஹீட்டரின் 23 லிட்டர் சுடுநீர் தொட்டிக்குள் போகும், குளிர்ந்த தண்ணீர் ஹீட்டருக்குள் வரும். கணக்குப் பாருங்கள்: தொட்டியில் 100 லிட்டர் 3 டிகிரியில் இருக்கிறது, ஹீட்டரில் 60 டிகிரி. மாறிய பிறகு தொட்டி 16 டிகிரி. பம்ப் ஓடுவது இரண்டு மூன்று நிமிடம், செலவு அரை ஏஎச்கூட இல்லை. போகிற வழியில் சுடுநீர் பைப்பும் சூடாகிறது. இரவு பத்துக்கு ஒரு தடவை, எழுந்தால் இன்னொரு தடவை. வால்வை மூட மறந்தால் பாத்திரம் கழுவும் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போடாதீர்கள்.

கேள்வி: கழுவுநீர்த் தொட்டியின் வால்வு இழுக்க வரவில்லை.

பலத்தைக் காட்டாதீர்கள். கேபிள் அறுந்துவிடும், அல்லது தகடு வளைந்து பிறகு என்றைக்கும் கசியும். ஹேர் ட்ரையரைக் குறைந்த சூட்டில் 15 நிமிடம் காட்டுங்கள். தீச்சுடர் வேண்டாம், அந்த பைப் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அடுத்த தடவை தொட்டியைக் காலி செய்ததும் சிங்க் வழியாக 2 லிட்டர் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் (கேம்பர் குழாய்களுக்கான உறையாத திரவம்) ஊற்றுங்கள். வால்வு பக்கம் தேங்கி நிற்கும். கழுவுநீர் வால்வைத் திறந்தே விட்டால் சொட்டுகிற நீர் வெளிக் குழாயிலேயே பனிக்குச்சியாகும், மூடியே வையுங்கள்.

கேள்வி: கார் ஆன்டிஃப்ரீஸ் மலிவாகக் கிடைக்கிறதே?

கூடாது. அது எத்திலீன் கிளைக்கால், நஞ்சு. இளஞ்சிவப்பு டப்பாவிலும் புரொப்பிலீன் கிளைக்கால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கார் கண்ணாடி கழுவும் திரவமும் வேண்டாம், அதில் மெத்தனால், அதுவும் நஞ்சு.

கேள்வி: காலையில் சோலாரில் சார்ஜ் ஏறவில்லை.

லித்தியம் பேட்டரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) சார்ஜைத் துண்டித்துவிடும், துண்டிக்காத மலிவான சரக்கென்றால் நிரந்தரமாகவே கெட்டுப்போகும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், ட்ரெய்லருக்குள்ளேயே வையுங்கள். லெட்-ஆசிட்டை உள்ளே கொண்டுவருவதாக இருந்தால் ஹைட்ரஜன் வெளியேற வழி வேண்டும். டிசம்பரில் பான்ஃபில் பகல் எட்டு மணி நேரம்தான், அதிலும் மலை மறைக்கும். சோலாரை நம்பாமல் டிரக் ஓடும்போது அதிலிருந்து ட்ரெய்லர் பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள்: 30 ஆம்ப் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் ஒரு இரவின் விசிறிச் செலவைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கேள்வி: வண்டியைச் சுற்றிப் பனியைக் குவித்து வைக்கலாமா?

நல்லதுதான், அடியில் காற்று அடிக்காது. ஃபர்னஸ் புகை வெளிவரும் வாயைச் சுற்றி மட்டும் ஒரு முழம் விட்டுக் குவியுங்கள், பனி பெய்தால் இரவில் எழுந்து அந்த வாயைத் துடையுங்கள், உள்ளே கார்பன் மோனாக்ஸைடு அலாரத்துக்குப் புது பேட்டரி போடுங்கள்.